சாளை முதல் சுறா வரை

மக்கா,

மஸ்கட்டிலிருந்து உனக்கு எழுதிய காலத்தில் எல்லாக் கடிதத்தையும் “நான் இங்கே சுகம்” என்றுதான் தொடங்குவேன். காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதினாலும் முதல் வரி அதுதான். இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அது உண்மையாக இருந்தால் கடைசியில் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ இடையில் புகுந்து “சும்மா இரும்மா” என்பாய். நானும் சிரித்து மழுப்பிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கிறிஸ்துமஸுக்கு நீயும் ஷீபாவும் வருவதற்கு முன்னால் இதை நீ படித்து முடித்திருக்க வேண்டும். விஷயம் இதுதான்: வந்ததும் நம் காரின் சாவியை என்னிடமிருந்து நீ வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இனி ஓட்டக் கூடாது. ஏன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் நான் முதல் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்படாதே. நான் வேகமாக ஓட்டுகிறவள்தான், ஆனால் வேகமாகச் சொல்லத் தெரியாது.

நாம் வைத்திருந்ததெல்லாம் ஒரே காரின் நான்கு தலைமுறைகள் என்று உனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் சில வருடங்களுக்கு ஒருமுறை அதன் உருவத்தை மாற்றுவான், பெயரை மாற்றமாட்டான். முதல் தலைமுறை வண்டியை நான் மஸ்கட்டில் வாங்கினேன். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த பிலிப்பினோக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றது. பார்க்கச் சாதாரணக் குடும்பக் கார். நாலு கதவு, பின்னால் பெட்டி வைக்க இடம், சாம்பல் நிறம். உள்ளே இருந்த என்ஜின் மட்டும் வேறு ஜாதி. இரண்டாம் கியரில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்ப, நோயாளிகளைத் தூக்கிப் பழகிய என்னைப் போன்ற நர்சின் தோள் வலு வேண்டும். பவர் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது. ரோட்டில் ஒரு சரளைக்கல் கிடந்தால் அது உள்ளங்கையில் தெரியும். அந்த ஊரில் ரோட்டின் வலது பக்கம்தான் போக வேண்டும், ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்கார வேண்டும், கியரை வலது கையால் மாற்ற வேண்டும். நான் கார் ஓட்டப் படித்ததே அப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொள்.

அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை உன் அப்பாவுக்கு அனுப்பினேன். நெய்யூரிலிருந்து பதில் வந்தது. “கார் சின்னதாக, மினுமினுப்பாக, சாளை மாதிரி இருக்கிறது. நீ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகி இருக்கிறாய்” என்று எழுதியிருந்தார். கணக்கு வாத்தியாருக்கு மத்தியானம் மீன்குழம்பு இல்லாவிட்டால் கணக்கே வராது என்பது உனக்குத் தெரியாததா? அன்று முதல் அது சாளை. அடுத்து வந்ததற்கெல்லாம் அவரே மீன்பெயர் வைத்தார். நீ அப்போது பால்பல் விழாத பிள்ளை. போனில் என்னிடம் பேசவே மாட்டாய். உன் அத்தை ரிசீவரை உன் காதில் வைத்து, “அம்மையிட்ட பேசு மக்களே” என்பாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் திடீரென்று, “வண்டி எப்படிச் சத்தம் போடும்?” என்று கேட்டாய். நான் வார்டு வராந்தாவில் நின்று வாயால் இரண்டாம் கியர் சத்தம் போட்டுக் காட்டினேன். ஊசி போட வந்த மலையாளி சிஸ்டர் ஒருத்தி எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள். நீ அந்தப் பக்கம் சிரித்தாய். நீ சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாயிரத்து நாலில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நீ மீசை முளைத்துப் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வாங்க” என்றாய், வீட்டுக்கு வந்த டீச்சரிடம் சொல்வதைப் போல. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன்னை வளர்த்தவள் உன் அத்தை. உன் அப்பா மார்த்தாண்டத்தில் ஒரு இடத்தில் பழைய கார் நிற்கிறது என்று விசாரித்து வைத்திருந்தார். நம் வண்டியின் இரண்டாவது தலைமுறை. மூலைகள் உருண்டு, உடம்பு கொஞ்சம் தடித்து, முதுகில் கோடு ஓடியிருந்ததால் அயிலை என்றார். வாங்கி வெளியே எடுக்கும்போது நான் வழக்கப்படி இடது கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். முன்னால் ஸ்டியரிங்கே இல்லை. உன் அப்பா வலது கதவுக்கு வெளியே குனிந்து, “ஏட்டி, இப்பம் ஓட்டப்போறது நீயா நானா?” என்று கேட்டார். சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாத மனுஷன். கடைக்காரப் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் இறங்கிச் சுற்றிவந்து வலது பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் இருந்து ஓட்டுவதைப் போல எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது.

முதல் வாரமே நம் வீட்டு கேட்டிலிருந்து ரோட்டுக்குத் திரும்பும்போது நேராக வலது பக்கம் போய் ஏறினேன். எதிரே பால்வேன். கல்ஃபிலிருந்து திரும்பிவந்த எத்தனையோ பேர் நம் ஜில்லாவில் செய்கிற தப்புதான் இது. யோசித்து ஓட்டும்போது வராது. மனம் வேறெங்கோ இருக்கும்போது, அதுவும் ஆள் இல்லாத ரோட்டில், கை பழைய ஊருக்குப் போய்விடும். உன் அப்பா பதறவில்லை. இடது பக்கம் அவர் உட்கார்ந்திருந்த கதவைத் தட்டி, “எனக்க பக்கம் வா, எனக்க பக்கம்” என்றார். இடது என்று சொன்னால் நான் எந்த இடது என்று ஒரு நொடி யோசிப்பேன். அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் எது என்பதில் எனக்குக் குழப்பமே வராது. அன்றிலிருந்து கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வார். ஆலயத்துக்குப் போனாலும், திங்கள்சந்தைக்குப் போனாலும், சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தபோதும்கூட அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார். “சாருக்க வீட்டுக்காரி ஓட்டுதா, சாரு சும்மா இருந்து சவாரி போறாரு” என்று ரோட்டோரத்தில் பேசுவார்கள். அவர் அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வருவார்.

முன் சீட் அப்பாவுடையது என்பதால் நீ பின்னால்தான் உட்காருவாய். பின்னாலிருந்தபடி கண்ணாடியில் என் கண்ணைப் பார்ப்பாய். வீட்டுக்குள் முகம் பார்த்துப் பேசாத பிள்ளை, அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாய். இந்த வண்டியில் ஸ்டியரிங் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, பழைய வண்டியில் எப்படி இருந்தது, எது வேகம் என்றெல்லாம் கேட்பாய். நான் சாளையைப் புகழ்ந்து தள்ளுவேன். ஒருநாள் இரணியல் தாண்டி நேர்ரோட்டில் நான் இரண்டாம் கியரில் கொஞ்சம் கூடுதலாகவே மிதித்தபோது, பின்னாலிருந்து “இன்னும் இழும்மா!” என்று கத்தினாய். உன் அப்பா திரும்பி உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அது வரைக்கும் நீ என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, என்ஜின் சூடாகிவிட்டது என்று பொய் சொன்னேன். மீட்டர் முள் நடுவில்தான் நின்றது. நீ அதைப் பார்த்தாயா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அந்த வருடம் டிசம்பரில், கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை, எழுதவும் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குளச்சல் ரோட்டில் உன் அப்பா தன் சீட்டிலிருந்து இறங்கி, அங்கே அடிபட்ட ஒரு பெண்ணை ஏற்றிவிட்டு, “நீ போ” என்று கதவைச் சாத்தினார். ஊருக்கு வந்தபிறகு அவர் இல்லாமல் நான் ஓட்டியது அன்றுதான். நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தாய். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வாய்விட்டு, “எனக்க பக்கம் வா, எனக்க பக்கம்” என்று அவர் குரலை நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பின்சீட்டில் கிடந்தவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அயிலையை விற்கும்வரை அதன் சீட்டுத் துணியைத் தட்டினால் மணல் வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வண்டி, நெய்மீன். நீ காலேஜ் முடித்து வேலைக்குப் போன சமயம் வாங்கியது. இன்னும் நீளம், இன்னும் அகலம், விலையும் பெரிய மீனின் விலை. முன்னால் காற்றுப்பை, சறுக்காத பிரேக். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. “உடம்பு வைத்துவிட்டது, ஓட்டமெல்லாம் குறைந்துவிட்டது” என்று குறை சொன்னேன். “அதுக்கும் வயசு ஆவுதுல்லா, நம்மள மாதிரி” என்றார் அப்பா. பிறகு ஒரு மழை நாளில் தக்கலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்டோ திடீரென்று குறுக்கே திரும்பியது. நான் மொத்தக் காலையும் ஊன்றி மிதித்தேன். பிரேக் காலுக்கடியில் தடதடவென்று உதறியது, வண்டி நேராக நின்றது. சாளையாக இருந்தால் சுழன்று போய் ஆட்டோவை அடித்திருப்பேன், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்றோடு பழைய வண்டியைப் புகழ்வதைக் குறைத்துக்கொண்டேன். நீயும் குறைத்துக்கொள். எனக்கு இளமையில் கிடைத்தது என்பதற்காக அது நல்ல வண்டி ஆகிவிடாது. அப்பாவின் சிறுநீரகக் கோளாறுக்கு நாகர்கோவிலுக்குப் போய்வந்ததெல்லாம் நெய்மீனில்தான். டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோய் சீட்டைச் சாய்த்துக் கிடப்பார், கண் திறக்கமாட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி திரும்பும்போது விரல் கதவைத் தட்டும்.

பிறகு நீ சுறாவை வாங்கித் தந்தாய். உன் சொந்தச் சம்பாத்தியத்தில், எனக்கு முழங்கால் வலி என்று, கிளச்சும் இல்லாத கியரும் மாற்ற வேண்டாத வண்டியாகப் பார்த்து வாங்கினாய். அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்து, “சின்னக் கண்ணு, பெரிய வாய். சுறாவேதான்” என்றார். சாவி போட்டுத் திருப்ப வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். ‘ஸ்போர்ட்’ என்று இன்னொரு பொத்தான் இருந்தது. பழைய வண்டிக்கு அப்படி ஒரு பொத்தான் தேவைப்படவில்லையே என்று நான் சிரித்தேன், நீ கொஞ்சம் கோபித்துக்கொண்டாய். அப்பா சுறாவில் அதிக நாள் போகவில்லை. அவர் இறந்தபிறகு நான் தனியாக ஓட்ட ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டில் என் கைப்பையை வைப்பேன். கேட்டைத் தாண்டும்போது ஒரு நொடி நிறுத்துவேன். முதலில் கொஞ்ச நாள் அவர் வார்த்தையை நானே சொல்லிக்கொண்டேன். எப்போது சொல்வதை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு தலைமுறை வண்டியும் என்னிடமிருந்து ஒரு வேலையை வாங்கிக்கொண்டது. அயிலை தோள்வலியை வாங்கிக்கொண்டது. நெய்மீன் பிரேக் போடும் பயத்தை வாங்கிக்கொண்டது. சுறா கியரை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் நான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். ஆனால் அந்தக் கியர்தான் இத்தனை வருடமாக எனக்கு அடையாளமாக இருந்திருக்கிறது. இங்கே இடது கையால் கியர் மாற்றும்போதெல்லாம், இது மஸ்கட் அல்ல, இது நம் ஊர் என்று அந்தக் கை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு வேலை போனதும் சொல்வதற்கு ஆள் இல்லை. இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். “நான் வாங்கித் தந்த வண்டியால்தானே” என்று நினைப்பாய். அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடு. வண்டி ஒன்றும் செய்யவில்லை, நீயும் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே தேய்ந்துகொண்டிருந்த ஒன்றை அந்தக் கியர் கொஞ்ச காலம் மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். என் வயதில் மற்றவர்கள் கியர் இல்லாத வண்டியை நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஓணம் கழிந்து ஒரு காலை நேரம், திங்கள்சந்தைக்குப் புறப்பட்டேன். நம் ரோட்டில் யாரும் பக்கம் பார்த்துப் போவதில்லை, எல்லாரும் நடுவில்தான் போவோம், அதனால் நான் எவ்வளவு நாளாக இப்படி ஓட்டினேன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வளைவில் பீட்டர் எதிரே வந்தான். குளச்சலிலிருந்து பைக்கில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு வருவானே, அப்பாவுக்கு மீன் தருவானே, அவன்தான். என் முகத்துக்கு நேரே வந்தான். நான் ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். அவன் ஒடித்துத் திருப்பி ஓடைக்குள் சரிந்தான். பெட்டி கவிழ்ந்து ரோடெல்லாம் மீன். நான் கண்ணாடியை இறக்கி, “ஏலே, கண்ணு தெரியலியா? எந்தப் பக்கம்லே வாற?” என்று கத்தினேன். நான் கத்தியதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவன் முட்டியில் ரத்தத்தோடு எழுந்து நின்று, கோபமே இல்லாமல், “சிஸ்டரே, நான் எனக்க பக்கத்துலதான வந்தேன்” என்றான். உன் அப்பா சொல்லும் அதே வார்த்தை. அப்போதுதான் நான் ரோட்டைப் பார்த்தேன், வலது ஓரத்தில் நின்றது என் வண்டிதான். இறங்கி, வண்டியில் இருந்த முதலுதவி டப்பாவை எடுத்து அவன் முட்டியைக் கழுவிக் கட்டினேன். என் கை ஒரு முடிச்சும் தவறவில்லை. “விடுங்க சிஸ்டரே. சாரு போனதுல மனசு ஒரு நெலையில இருக்காது” என்று அவன்தான் என்னைத் தேற்றினான்.

அவன் சொன்ன சமாதானத்தை நானும் பிடித்துக்கொண்டேன். துக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டினேன். இதற்காக நீ என்னைத் திட்டலாம். கொஞ்ச நாள் கழித்து நெய்யூர் ஜங்ஷன் பக்கம் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் எனக்கு லைட் அடித்தன. ஊருக்கே இன்று என்ன பிடித்திருக்கிறது, எல்லாரும் தப்பாக வருகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, என் முகத்தைப் பார்த்ததும் திட்ட வந்ததை விட்டுவிட்டு, “ஆரையாவது கூப்பிடட்டா அம்மா?” என்று கேட்டார். அவரே சுறாவை ஓரமாக விட்டு, ஆள் பிடித்து வீடு வரை கொண்டுவிடச் செய்தார். மறுநாள் காலை, கேட்டுக்குள் நின்ற வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். இரண்டாம் கியர் என்று எனக்கு நானே உத்தரவு போட்டேன். வலது கை போய்க் கதவில் இடித்தது.

நான் நர்ஸ். மற்றவர்களுக்கு வந்தால் எனக்கு ஒரு நாளில் தெரிந்திருக்கும். ஆராதனையில் பக்கத்தில் உட்காருகிறவளின் பெயர் வராததும், குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டதும், உன்னிடம் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லி நீ “சொன்னியேம்மா” என்றதும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில்தான் போனேன், பயப்படாதே. ஸ்கேன் எடுத்தார்கள், படம் வரையச் சொன்னார்கள், கடிகாரத்தில் முள் போடச் சொன்னார்கள். ஞாபகம் தேய்கிற நோயின் ஆரம்பம் என்றார். மாத்திரை தந்திருக்கிறார், மெதுவாகத்தான் போகும், சிலருக்கு ரொம்பவே மெதுவாகப் போகும் என்றார். வண்டி மட்டும் வேண்டாம் என்றார். டாக்டர் சின்ன வயசு. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கக் கஷ்டப்பட்டார். நானே அவருக்கு, “பரவாயில்லை, சரியாகத்தான் சொன்னீர்கள்” என்றேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். உன் அப்பாவுக்காக அழுததைவிடக் கூடுதலாக அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மஸ்கட்டில் என் வார்டில் ஒரு கிழவர் இருந்தார். வாழ்நாள் முழுக்க டாக்சி ஓட்டியவர். அவருக்கும் இதே நோய், முற்றியிருந்தது. சாயங்காலம் ஆனால் சாவி எங்கே என்று கேட்பார். “வண்டி வொர்க்‌ஷாப்பில் நிற்கிறது, நாளைக்கு வரும்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். நாங்களும் அதையே சொல்வோம். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கீழே நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்களை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு வொர்க்‌ஷாப் கதை சொல்லாதே, மக்கா. “அம்மா, நீ ஓட்டக் கூடாது, நான் சாவியை எடுத்துக்கொள்கிறேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்.

நீ அப்படிச் சொல்லும்போது நான் தரமாட்டேன். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்குள் எனக்கு இதெல்லாம் மறந்தாலும் மறந்துவிடும், அல்லது ஞாபகம் இருந்தும் மனசு வராது. என்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் இந்த ஜில்லாவில் எவன் இருக்கிறான் என்று கேட்பேன். உன்னை வளர்க்கத்தானே பாலைவனத்தில் போய்க் கிடந்தேன், நீ எனக்குச் சொல்ல வந்துவிட்டாயா என்பேன். ஷீபா முன்னால் கத்தவும் செய்வேன். உனக்கும் கோபம் வரும், நான் வளர்ந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று உன் வாயில் வரும். வந்தால் சொல்லிவிடு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் சாவியை வாங்காமல் போகாதே. அங்கே நின்று கத்துகிறவளின் பேச்சைக் கேட்காதே. இதை எழுதுகிறவள்தான் உன் அம்மா, அவள் தன் மனசாரச் சாவியைத் தந்துவிட்டாள். பீட்டருக்குப் பதிலாக வேறொருவன், பைக்கில் முன்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு அந்த வளைவில் வந்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு மற்ற எல்லாமும் சின்னதாகத் தெரிகிறது.

சுறாவை விற்காதே. சென்னைக்குக் கொண்டுபோ, ஷீபா ஓட்டட்டும். அவள் கை நிதானமான கை, கல்யாணம் முடிந்து நம் வீட்டுக்கு வந்த அன்றே கவனித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது பிரேக், பிரேக் என்று கத்தாதே. நீ ஓட்டும்போது அவள் ஏதாவது சொன்னால் எரிந்து விழாதே. உன் அப்பா பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒரே வார்த்தையைச் சொன்னார், நான் ஒரு தடவைகூடத் தெரியும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். அடுத்து வரப்போகிற தலைமுறை வண்டி, கோட்டைத் தாண்டினால் தானே சத்தம் போடும் என்று பேப்பரில் போட்டிருந்தது. பக்கம் பார்க்கும் வேலையையும் அது வாங்கிக்கொள்ளப் போகிறது. நான் ஒரு தலைமுறை முந்திவிட்டேன், போகட்டும்.

தள்ளி வைத்த வரியை இப்போது எழுதலாம். நான் இங்கே சுகம். இன்று காலை எழுந்ததும் எல்லாம் தெளிவாக இருந்தது, இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், ஒரு பெயரும் தேட வேண்டியிருக்கவில்லை. இனி வரும் கடிதங்களில் இந்த வரி இருந்தால் நீயே வந்து பார்த்துச் சரிதானா என்று தெரிந்துகொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போ. பின்னால் உட்கார வைத்துவிடாதே. முன்னால், இடது பக்கம், அப்பா உட்கார்ந்த சீட்டில் உட்கார வை. மஸ்கட்டில் அந்தப் பக்கம்தான் நான் உட்கார்ந்து ஓட்டினேன். கேட்டைத் தாண்டும்போது உனக்கு வேண்டாவிட்டாலும், “எனக்க பக்கம் வா” என்று நான் சொல்வேன், சொல்லிக்கொள்ளட்டும் என்று விடு. நேர்ரோடு வந்தால் ஒரு தடவை அந்த ஸ்போர்ட் பொத்தானை அமுக்கி மிதி. எனக்குக் கால் தானாகத் தரையை அமுக்கும். நடுவில் இருக்கும் கியரைத் தேடி என் வலது கை வரும். அங்கே உன் கை இருக்கட்டும்.

அம்மா